சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் எழுதுவது எப்படி? மூலகங்கள் சேர்ந்து சேர்வையாகும் முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்சியம் குளோரைட்டில் ஒரு கல்சியத்துக்கு ஏன் இரண்டு குளோரீன்? தரம் 10, 11 பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "வலுவளவை மாத்திப் போட்டா அப்பிடித்தான் வரும்." வலுவளவு என்பது ஓர் அணு இழக்கும், ஏற்கும் அல்லது பங்கிடும் இலத்திரன்களின் எண்ணிக்கை. விடை சரிதான். காரணம் தெரியாததால், கேள்வி சற்றே மாறியதும் அதே பிள்ளை மகனீசியம் ஒட்சைட்டுக்கு இரண்டுக்கு இரண்டு என்று எழுதிவிடும், காபனீரொட்சைட்டுக்கு ஏற்றம் போட்டுவிடும்.

சூத்திரத்தில் வரும் எந்த எண்ணும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. எல்லாம் இலத்திரன் கணக்கிலிருந்து வருபவை. அந்தக் கணக்கை ஒழுங்கு மாறாமல் செய்தால், பார்த்தேயிராத சேர்வைக்கும் சூத்திரம் எழுதலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், மாலையில் அவர்களோடு இருந்து சொல்லிக்கொடுக்கும் அண்ணா, அக்காமாருக்கும் உதவும் வகையில் அந்த ஒழுங்கு இங்கே படிப்படியாக உள்ளது.

மூலகக் குறியீடுகளை இங்கே வேண்டுமென்றே தவிர்த்து, பெயரும் எண்ணிக்கையுமாகவே எழுதியிருக்கிறோம். முதலில் எண்ணிக்கை ஏன் வருகிறது என்பது பிடிபட வேண்டும். குறியீட்டைக் கடைசியில் நிரப்பினால் போதும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஆவர்த்தன அட்டவணையின் முதல் 20 மூலகங்களும் அவற்றின் அணுவெண்ணும். சார் அணுத்திணிவுப் பட்டியல். பென்சில், அழிறப்பர், கோடு போடாத தாள். பேனையால் தொடங்க வேண்டாம்: இலத்திரன்களை இடம் மாற்றிப் பார்க்கும் வேலை நிறைய வரும்.

மனத்தில் இருக்க வேண்டியது ஒன்றுதான். அணுவில் புரோத்தனும் இலத்திரனும் சம எண்ணிக்கை; அந்த எண்ணிக்கைதான் அணுவெண். தாக்கத்தின்போது புரோத்தன் அசையாது, இலத்திரன் மட்டுமே கைமாறும்.

1. இலத்திரன்களை ஓடுகளில் அடுக்குங்கள்

அணுவெண்ணை எடுத்து 2, 8, 8, 2 என்ற ஒழுங்கில் நிரப்புங்கள். சோடியம் (11): 2, 8, 1. குளோரீன் (17): 2, 8, 7. கல்சியம் (20): 2, 8, 8, 2. கடைசி எண்ணைச் சுற்றி வட்டம் போடுங்கள். சேர்வை உருவாவதில் பங்கெடுப்பது இந்த இறுதி ஓடுதான். உள்ளே இருப்பவை கருவோடு இறுக்கமாகப் பிணைந்துள்ளன.

இங்கே அதிகம் பிசகுவது பொற்றாசியம். அணுவெண் 19. மூன்றாம் ஓட்டில் 18 வரை இடமுண்டு என்று படித்த பிள்ளை 2, 8, 9 என்று எழுதிவிடும். மூன்றாம் ஓட்டில் 8 ஆனதும், அடுத்த இலத்திரனுக்குச் சக்தி குறைந்த இடம் நான்காம் ஓட்டில்தான் இருக்கிறது. ஆகவே 2, 8, 8, 1. இதைத் தவறவிட்டால் பொற்றாசியம் வரும் ஒவ்வொரு சூத்திரமும் பிழைக்கும்.

2. உலோகமா, அல்லுலோகமா என்று பிரியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிவிடுகிறார்கள். பின்னால் வரும் பிழைகளில் பாதிக்கு வேர் இங்கேயே இருக்கிறது.

உலோகமும் அல்லுலோகமும் சேர்ந்தால் பெரும்பாலும் அயன் பிணைப்பு (அயன் என்பது இலத்திரனை இழந்தோ ஏற்றோ ஏற்றம் பெற்ற அணு): 3ஆம் படிக்குப் போங்கள். இரண்டும் அல்லுலோகமானால் பங்கீட்டு வலுப்பிணைப்பு: நேரே 7ஆம் படிக்குப் போங்கள். இரண்டும் உலோகமானால் இந்த முறை அவற்றுக்குப் பொருந்தாது. பித்தளை போன்ற கலப்புலோகங்கள் வேறு கதை. ஈலியம், நேயன், ஆகன் வந்தால் நிறுத்திவிடுங்கள். அவற்றின் இறுதி ஓட்டில் ஏற்கெனவே உறுதியான எண்ணிக்கை இருக்கிறது: ஈலியத்தில் 2, மற்ற இரண்டிலும் 8.

ஐதரசன் அட்டவணையில் சோடியத்துக்கு மேலே நிற்பதால் அதை உலோகம் என்று எண்ணிவிட வேண்டாம். அது அல்லுலோகம். நீரும் அமோனியாவும் பங்கீட்டு வலுச்சேர்வைகள்.

3. அயனாகும்போது ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்

இறுதி ஓட்டில் 1, 2, 3 இலத்திரன்கள் உள்ள உலோகம் அவற்றை இழக்கும். 5, 6, 7 உள்ள அல்லுலோகம் எட்டாகும் வரை ஏற்கும். இழந்தால் நேர் ஏற்றம், ஏற்றால் மறை ஏற்றம்.

"இழந்தால் ஏன் நேர்?" என்று தடுமாறும் பிள்ளைக்கு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. எண்ணிக் காட்டுங்கள். சோடியம் அணுவில் புரோத்தன் 11, இலத்திரன் 11. ஓர் இலத்திரன் போனபின் புரோத்தன் 11, இலத்திரன் 10. நேர் ஒன்று மிஞ்சி நிற்கிறது: +1. குளோரீனில் புரோத்தன் 17; ஓர் இலத்திரன் வந்தபின் இலத்திரன் 18. மறை ஒன்று மிகை: −1. நான்கைந்து மூலகங்களுக்கு இப்படி எழுதிக் கழித்தால் அந்தக் குழப்பம் திரும்ப வராது.

"அணு எட்டு இலத்திரனை விரும்புகிறது" என்று சொல்லிக்கொடுப்பது வசதிதான், ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. உயர்தரத்தில் இரசாயனம் எடுக்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து வைப்பது நல்லது. எல்லாம் ஒரு மூலுக்குக் கிலோயூலில்: திண்மச் சோடியத்தை ஆவியாக்க 107, அதன் இலத்திரனைப் பிரிக்க 496, குளோரீன் மூலக்கூறை உடைத்துத் தனி அணு பெற 122 செலவாகின்றன. குளோரீன் இலத்திரனை ஏற்கும்போது 349 திரும்ப வருகிறது. இன்னும் 376 கடன். அயன்கள் ஒன்றையொன்று கவர்ந்து சாலகமாக, அதாவது ஒழுங்கான அடுக்காக, அமையும்போது 787 வெளிப்படுகிறது. கடன் தீர்ந்து 411 மிகையாகிறது. அந்தச் சாலகக் கவர்ச்சிதான் உப்பை உருவாக்குகிறது, எட்டின் மீதுள்ள ஆசையல்ல.

4. மொத்த ஏற்றம் பூச்சியமாகும் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

சேர்வைக்கு மொத்த ஏற்றம் கிடையாது. ஆகவே இழந்த இலத்திரன்களும் ஏற்ற இலத்திரன்களும் சமப்பட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையே சூத்திரத்தின் எண்களைத் தருகிறது.

கல்சியம் +2, குளோரைட்டு −1. கல்சியம் விட்ட இரண்டு இலத்திரன்களில் ஒரு குளோரீன் ஒன்றைத்தான் எடுக்கும். மற்றதை எடுக்க இன்னொரு குளோரீன் வேண்டும். ஆகவே 1 : 2.

அலுமினியம் ஒட்சைட்டில்தான் முறை நன்றாகத் தெரியும். அலுமினியம் +3, ஒட்சைட்டு −2. மூன்றும் இரண்டும் சந்திக்கும் மிகச் சிறிய எண் 6. நேர் 6 வர அலுமினியம் 2 வேண்டும், மறை 6 வர ஒட்சிசன் 3 வேண்டும். ஆகவே 2 : 3. விட்ட இலத்திரன் 6, வாங்கிய இலத்திரன் 6.

வலுவளவைக் குறுக்காக மாற்றிப்போடும் முறையிலும் இதே விடை வரும். ஆனால் அந்தக் குறுக்குவழி, மகனீசியம் ஒட்சைட்டுக்கு 2 : 2 தரும். ஒரு மகனீசியம் விடும் இரண்டையும் ஓர் ஒட்சிசனே எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது சோடி தேவையில்லை: 1 : 1. மாற்றிப்போட்டால் சுருக்கவும் வேண்டும் என்பதை அந்த முறையோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

அயன் சேர்வையில் சூத்திரம் ஒரு விகிதம் மட்டுமே. ஆனையிறவு உப்பளத்து உப்புக்கல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதற்குள் "ஒரு சோடியம், ஒரு குளோரீன்" என்று தனித்தனிச் சோடிகள் இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனையும் சுற்றி 6 குளோரைட்டு அயன்கள், ஒவ்வொரு குளோரைட்டையும் சுற்றி 6 சோடியம் அயன்கள், கல்லின் ஓரம் வரை இதே அடுக்கு. ஆகவே "சோடியம் குளோரைட்டு மூலக்கூறு" என்று எழுதுவது பிழை. சூத்திர அலகு என்றே எழுத வேண்டும்.

5. கூட்டாக வரும் அயன்களைப் பிரிக்காதீர்கள்

சில அணுக்கள் தமக்குள் பிணைந்து, ஒரே அயனாக நடமாடுகின்றன. அமோனியம் முழுக்க அல்லுலோகங்களால் ஆனதானாலும் நேர் அயன் என்பதால், 2ஆம் படியில் அதை உலோகத்தின் இடத்தில் வையுங்கள். இவற்றின் ஏற்றத்தை மட்டும் பாடமாக்கத்தான் வேண்டும்: அமோனியம் +1, ஐதரொட்சைட்டு, நைத்திரேற்று, ஐதரசன் காபனேற்று −1, காபனேற்று, சல்பேற்று −2, பொசுபேற்று −3.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு. கல்சியம் +2, ஐதரொட்சைட்டு −1, ஆகவே 1 : 2. இரண்டு ஐதரொட்சைட்டு என்றால் ஒட்சிசன் 2, ஐதரசன் 2. அடைப்புக்குறி போடாமல் கடைசியில் 2 மட்டும் எழுதினால் ஒட்சிசன் 1, ஐதரசன் 2 என்றாகி வேறொன்றைக் குறித்துவிடும். கூட்டு அயன் ஒன்றுக்கு மேல் வந்தால் அடைப்புக்குறி கட்டாயம். ஒன்றே வந்தால் தேவையில்லை.

வன்னியில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. நீரில் கரைந்திருந்தது கல்சியம் ஐதரசன் காபனேற்று, விகிதம் 1 : 2. சூடாக்கியதும் அது பிரிந்து, நீரும் காபனீரொட்சைட்டும் வெளியேற, கரையாத கல்சியம் காபனேற்று எஞ்சுகிறது, விகிதம் 1 : 1. ஒரே கல்சியம்தான், ஏற்றமும் மாறவில்லை. கூட்டாளி அயனின் ஏற்றம் −1இலிருந்து −2 ஆனதும் விகிதம் மாறிவிட்டது.

6. ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்றம் காட்டும் உலோகங்கள்

இரும்பு +2 அல்லது +3. செம்பு +1 அல்லது +2. முதல் 20 மூலகங்களுக்கான அடுக்கல் விதியால் இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. பெயரில் அடைப்புக்குள் வரும் உரோம எண்தான் ஏற்றம். அதை அணுக்களின் எண்ணிக்கை என்று வாசிப்பது வழமையான பிழை. இரும்பு(III) ஒட்சைட்டு என்றால் இரும்பின் ஏற்றம் +3. அணுக்களின் விகிதம் 2 : 3.

பயிற்சிக்கு: புல்மோட்டை, கொக்கிளாய்க் கரையோரக் கறுப்பு மணலில் உள்ள இல்மனைற்றில் இரும்பு 1, தைத்தேனியம் 1, ஒட்சிசன் 3. ஒட்சிசன் மூன்றும் சேர்ந்து −6. இரும்பு +2 என்றால் தைத்தேனியம் +4 ஆக வேண்டும். சூத்திரத்திலிருந்து ஏற்றத்துக்குத் திரும்பி நடக்கத் தெரிந்துவிட்டால் இந்தப் பகுதி முடிந்தது.

7. அல்லுலோகங்கள் சேரும்போது இலத்திரனைப் பங்கிடுங்கள்

இங்கே யாரும் இழப்பதில்லை, யாரும் ஏற்பதில்லை. ஆகவே ஏற்றமும் இல்லை. இரண்டு அணுக்களும் ஒரு சோடி இலத்திரனைப் பொதுவில் வைத்திருக்கின்றன.

எட்டிலிருந்து இறுதி ஓட்டு எண்ணிக்கையைக் கழியுங்கள். மீதி, அந்த அணு இடக்கூடிய பிணைப்புகளின் எண்ணிக்கை. ஒட்சிசன் 2, நைதரசன் 3, காபன் 4. ஐதரசனுக்கு முதலாம் ஓட்டில் இரண்டே இடம் என்பதால் 1. அதிலிருந்து நீரில் ஐதரசன் 2, அமோனியாவில் 3, மெதேனில் 4.

இனிப் புள்ளி, புள்ளடி படம்: ஓர் அணுவின் இலத்திரன்களைப் புள்ளியாலும் மற்றதன் இலத்திரன்களைப் புள்ளடியாலும் காட்டுவது. காபனீரொட்சைட்டை எடுங்கள், பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வரைவதற்கு முன் மொத்த இலத்திரன்களை எண்ணித் தாளின் மூலையில் எழுதுங்கள்: காபன் 4, ஒட்சிசன் 6 + 6, மொத்தம் 16. அதிக பிணைப்புகள் இடக்கூடிய காபனை நடுவில் வையுங்கள். இருபக்கமும் ஒற்றைப் பிணைப்பு போட்டால் 4 இலத்திரன்கள் செலவாகும். மீதி 12ஐ ஒட்சிசன்களுக்குத் தனிச்சோடிகளாக (பிணைப்பில் சேராத இலத்திரன் சோடிகளாக) பகிர்ந்தால் ஒவ்வொரு ஒட்சிசனைச் சுற்றியும் 8 வந்துவிடும். படம் முடிந்ததுபோல் தோன்றும். காபனைச் சுற்றி எண்ணுங்கள்: 4 மட்டுமே. ஒவ்வொரு ஒட்சிசனிலிருந்தும் ஒரு தனிச்சோடியைப் பிணைப்புக்குள் நகர்த்துங்கள். இப்போது இருபக்கமும் இரட்டைப் பிணைப்பு, மூன்று அணுக்களையும் சுற்றி எட்டு, மொத்தம் அதே 16. மொத்தத்தை முன்கூட்டி எழுதச் சொன்னது இதற்காகத்தான்: இல்லாத இலத்திரனைப் புதிதாக வரைந்து எட்டு ஆக்குவதை அது தடுக்கும்.

தனிச்சோடிகளை வரையாமல் விடுவது மற்றொரு பிழை. அமோனியாவில் நைதரசனின் மேல் உள்ள தனிச்சோடியை மறந்தால், அது ஓர் ஐதரசன் அயனை ஏற்று அமோனியம் ஆவது எப்படி என்று பின்னர் விளங்காது.

அயன் சேர்வையில் சுருக்க வேண்டும் என்று சொன்னோம். மூலக்கூறில் சுருக்கவே கூடாது. ஐதரசன் பரவொட்சைட்டில் ஐதரசன் 2, ஒட்சிசன் 2. இதை 1 : 1 ஆக்கினால் அது ஐதரசன் பரவொட்சைட்டே அல்ல. குளுக்கோசில் காபன் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6, அப்படியே நிற்கும். அயன் சேர்வையின் சூத்திரம் விகிதத்தைச் சொல்கிறது, மூலக்கூற்றுச் சூத்திரம் மெய்யான எண்ணிக்கையைச் சொல்கிறது. 2ஆம் படியைத் தாண்டக்கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே.

8. கண்ணால் பாருங்கள்: இரும்பும் கந்தகமும்

பாடசாலை ஆய்வுகூடத்தில், ஆசிரியர் அருகில் இருக்க மட்டுமே செய்ய வேண்டியது. வீட்டில் வேண்டாம்.

தேவை: நுண்ணிய இரும்புத்தூள் 1.4 கிராம், கந்தகத்தூள் 0.8 கிராம், சிறிய வன்கண்ணாடிச் சோதனைக்குழாய், அதன் வாயை அடைக்கக் கனிமப் பஞ்சு, பன்சன் சுடரடுப்பு, பிடி, காந்தம், பாதுகாப்புக் கண்ணாடி.

சூத்திரம் 1 : 1 என்பதால் இரண்டையும் சம எடையில் எடுப்பதுதான் முதற் பிழை. ஒன்றுக்கு ஒன்று என்பது அணுக்களின் எண்ணிக்கை. இரும்பின் சார் அணுத்திணிவு 56, கந்தகத்தினது 32. ஆகவே எடை விகிதம் 56 : 32, சுருக்கினால் 7 : 4. இரும்பு கூடினால் மிஞ்சிய இரும்பு காந்தத்தில் ஒட்டி, "தாக்கம் நடக்கவில்லை" என்று தப்பாக முடிவெடுக்க வைக்கும்.

இரண்டையும் ஒரு தாளிலிருந்து மறு தாளுக்கு மாற்றி மாற்றிக் கொட்டி, நிறம் ஒரே சீராகும் வரை கலவுங்கள். துணிக்கைகள் ஒன்றையொன்று தொட்டால்தான் தாக்கம் பரவும். இந்த நிலையில் காந்தத்தைத் தாளில் சுற்றிக் கலவைக்குள் விடுங்கள்: இரும்பு பிரிந்து வரும். தாளில் சுற்றாவிட்டால் தூளைக் காந்தத்திலிருந்து எடுப்பது பெரும்பாடு. எடுத்த இரும்பைத் திரும்பக் கலவையில் தட்டிவிடவும் மறக்கக்கூடாது.

குழாயின் கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். வாயில் பஞ்சு அடையுங்கள். கந்தக ஆவி வெளியே வந்து தீப்பற்றுவதை அது தடுக்கும். அடிப்பாகத்தைச் சூடாக்குங்கள். செந்தணல் தோன்றியதும் சுடரை எடுத்துவிடுங்கள். தணல் தானாகவே மேலேறும். பார்க்க வேண்டிய கட்டம் அதுதான்: சுடர் இல்லாமலும் தாக்கம் தொடர்கிறது, ஏனெனில் பிணைப்புகள் உருவாகும்போது வெப்பம் வெளிவருகிறது. சுடரை எடுக்காமல் வைத்திருந்தால் இந்த உண்மை மறைந்துபோகும்.

நன்றாக ஆறியபின் குழாயைத் துணியில் சுற்றி உடையுங்கள். கருஞ்சாம்பல் நிறக் கட்டி காந்தத்தில் முன்போல் ஒட்டாது. சற்று ஒட்டினால் கலவை சீராகவில்லை, அல்லது சூடு போதவில்லை என்று பொருள். கட்டிக்கு அமிலம் விடுவதைத் தவிருங்கள்: வெளிவரும் ஐதரசன் சல்பைட்டு நச்சு வாயு. சூடாக்கும்போது சிறிதளவு கந்தகவீரொட்சைட்டு வரக்கூடும். யன்னல்களைத் திறந்து வையுங்கள், இழுப்பு உள்ள பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

9. சூத்திரத்தை உரப்பையில் வாசியுங்கள்

யூரியா மூலக்கூறில் காபன் 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4. எடை 12 + 16 + 28 + 4 = 60. நைதரசனின் பங்கு 28 / 60, அதாவது ஏறத்தாழ 46.7 சதவீதம். பையில் 46 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். 50 கிலோ பையில் இருப்பது 23 கிலோ நைதரசன்.

எம்ஓபி பையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது பொற்றாசியம் குளோரைட்டு: 39 + 35.5 = 74.5. பொற்றாசியத்தின் பங்கு ஏறத்தாழ 52 சதவீதம். பையிலோ 60 என்று இருக்கும். பிழை யாருடையதும் அல்ல. உர வணிகத்தில் பொற்றாசியத்தை அதன் ஒட்சைட்டாக மாற்றிக் கணக்கிடுவது வழக்கம். தூய பொற்றாசியம் குளோரைட்டுக்கு அந்தக் கணக்கில் 63 வரும், சந்தை உரத்துக்கு 60. பையினுள் ஒட்சைட்டு ஒரு துளியும் இல்லை. வீட்டில் வயல் செய்கிறவர்கள் இருந்தால் இந்தக் கணக்கை அவர்களோடு இருந்து செய்து பாருங்கள்.

10. பயிற்சி

விடையை மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 2ஆம் படியின் பதிலை முதலில் எழுதுங்கள்.

பொற்றாசியம் சல்பைட்டு, மகனீசியமும் நைதரசனும் மட்டும் சேர்ந்தது, மகனீசியம் நைத்திரேற்று, அலுமினியம் சல்பேற்று, அமோனியம் பொசுபேற்று, பொசுபரசு முக்குளோரைட்டு.

விடைகள், வரிசையில்: 2 : 1, 3 : 2, 1 : 2, 2 : 3, 3 : 1, 1 : 3. அலுமினியம் சல்பேற்றில் ஒட்சிசன் அணுக்கள் மொத்தம் 12 என்று வந்தால் அடைப்புக்குறி சரியாக விழுந்திருக்கிறது. கடைசியில் உள்ளதற்கு ஏற்றம் எழுதியிருந்தால் 2ஆம் படி பிசகியது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே விடையாக வந்திருந்தால் 5ஆம் படி. பிழைத்த சூத்திரத்தை அழித்துச் சரியானதை எழுதுவதோடு விடாமல், பிசகிய படியிலிருந்து மறுபடி செய்து கீழே வாருங்கள்.